வழி விடும் மரியாதை

லுணுகலையில் இருந்துகொண்டு கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றி எழுதத் துணிந்தவனைக் கண்டு வாசகர்கள் நகைக்கக்கூடும். இவ்வூரில் கோல்ஃப் திடல் கிடையாது. 'டீ' என்றால் நமக்கு ஒரே பொருள்தான். முதல் அடிக்காகப் பந்தை ஏற்றி வைக்கும் சிறு குச்சிக்கும் அதே பெயர் என்பது இங்கே பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். ஆயினும், பேராதனையில் தொடங்கிச் செங்கலடியில் முடியும் நெடுஞ்சாலை நுவரெலியாவைத் தொட்டு, வெலிமடை, பதுளை, பசறை என்று இறங்கி, நம் கடைத்தெருவையும் ஊடறுத்துக்கொண்டுதான் போகிறது. அந்தச் சாலை வழியே தோட்டத்துப் பிள்ளைகள் பிழைப்புத் தேடிப் போகிறார்கள். சிலர் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். சிலர் பிறருடைய கோல்ஃப் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு புல்தரையில் நடக்கிறார்கள். என் தங்கை மகன் இந்த இரண்டாவது வகை. (இத்தொழிலின் ஆங்கிலப் பெயரை உள்ளபடியே தமிழில் எழுதினால் போலீசாரின் பட்டியலில் உள்ள 'கேடி'யாகி விடுகிறது. ஆகையால் 'கெடி' என்று எழுதுகிறேன். தங்கை மகன் கோபிக்கமாட்டான்.)

இலங்கையில் இந்த ஆட்டம் வெள்ளைக்காரர் கொண்டுவந்தது. கொழும்புக் கழகம் 1879இல் தோன்றிக் காலிமுகத் திடலில் ஆடத் தொடங்கிற்று. 1896இல் ரிஜ்வே திடலுக்குக் குடிபெயர்ந்தது. நுவரெலியாக் கழகம் 1889இல் பிறந்தது. ஆடியவர்கள் துரைமார், பை சுமந்தவர்கள் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. இன்று ஆடுவோர் மாறிவிட்டார்கள். நம்மவரும் ஆடுகிறார்கள், தங்கராஜா, பிரபாகரன் என்ற பெயர்கள் நாட்டின் முன்னணி ஆட்டக்காரர் வரிசையில் காணப்படுகின்றன. மகிழ்ச்சியான விஷயந்தான். பை சுமக்கும் தோள் மட்டும் பெரும்பாலும் பழைய தோளாகவே இருக்கிறது.

பதினெட்டுக் குழித் திடல்கள் இந்நாட்டில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆகவே சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய விடுமுறை நாட்களில் மலைநாட்டில் ஆட வருவோர் ஒருவர் குதிகாலை ஒருவர் மிதிக்கும் நிலை உண்டாகிறது. நால்வர் கொண்ட கூட்டம் நான்கு மணி நேரத்தில், அல்லது அதற்குச் சற்று மேலாக, ஆடி முடிக்க வேண்டிய ஆட்டம் ஐந்தரை மணி நேரமாகிறது. முன்னே போகிறவர் அசைவதில்லை என்று பின்னே நிற்பவர் பல்லைக் கடிக்கிறார். அவருக்குப் பின்னே நிற்பவர் அவரைப் பார்த்துக் கடிக்கிறார்.

யார் குற்றம்? ஆமை வேகத்தில் ஆடுகிறவரே குற்றவாளி என்பது பொதுவான தீர்ப்பு. பந்தின் முன் நின்று நான்கு தரம் காற்றை வெட்டிப் பார்த்து, ஐந்தாம் தரம் பந்தைத் தொட்டு, அது பத்து அடி உருண்டதும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளும் கனவான்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் முழுப் பழியையும் அவர்கள் தலையில் போடுவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. கணக்கைப் பாருங்கள். எட்டு நிமிடத்துக்கு ஒரு கூட்டமாக நிர்வாகம் ஆட்களை உள்ளே அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நீண்ட குழியில் ஒரே சமயத்தில் இரண்டு கூட்டங்கள் முன்னும் பின்னுமாக ஆடலாம். குறுகிய குழியிலோ, முன்னே போனவர் பந்தைக் குழியில் தள்ளிவிட்டு விலகும்வரை அடுத்தவர் கோலைத் தொட முடியாது. அந்தக் குழிக்குப் பத்து நிமிடம் பிடித்தால், கூட்டத்துக்குக் கூட்டம் இரண்டிரண்டு நிமிடம் சேர்ந்துகொண்டே போகும். பத்தாவது கூட்டம் அங்கே வந்து சேரும்போது 18 நிமிடம் சும்மா நிற்க வேண்டும். இத்தனைக்கும் ஒருவர்கூட மெதுவாக ஆடியிருக்க மாட்டார். பத்து நிமிட வாய்க்கு எட்டு நிமிடச் சோறு ஊட்டியவர் குற்றம் அது. கட்டணச் சீட்டை நெருக்கி நெருக்கி விற்றுவிட்டுச் சுவரிலே 'விரைந்து ஆடுக' என்று பலகை தொங்கவிடுவது என்ன நியாயம்?

விதிகள் இல்லாமலில்லை. 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட கோல்ஃப் விதிகள், காணாமற்போன பந்தைத் தேடும் நேரத்தை ஐந்து நிமிடத்திலிருந்து மூன்று நிமிடமாகக் குறைத்தன. அடிக்க வழி கிடைத்தபின் நாற்பது வினாடிக்குள் அடித்துவிடும்படி ஆலோசனை கூறின. குழிக்குத் தூரத்தில் நிற்பவரே முதலில் அடிப்பது என்னும் பழைய சம்பிரதாயத்தைத் தளர்த்தி, எண்ணிக்கை ஆட்டத்தில், ஆபத்தில்லாதவிடத்து, ஆயத்தமாக இருப்பவர் முந்தி அடிக்கலாம் என்றன. கொடிக்கம்பைப் பிடுங்காமலே பந்தைக் குழியில் உருட்டவும் இடம் கொடுத்தன. இவையெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். நால்வர் பதினெட்டுக் குழிகள் ஆடுகையில் முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட அடிகள் விழுகின்றன; அடிக்குப் பத்து வினாடி மிச்சம் பிடித்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

இவற்றோடு, பின்னே வரும் வேகமான கூட்டத்துக்கு வழி விடும் மரியாதையும் இருக்கிறது. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பின்னே ஒருவர் இடுப்பில் கைவைத்து நிற்கிறார் என்பதற்காக வழி விட வேண்டியதில்லை. முன்னே திடல் முழுதும் ஆட்கள் நிறைந்திருந்தால், ஒருவரைக் கடந்துபோகவிட்டு என்ன லாபம்? அவர் நாலு அடி முன்னே போய் அங்கே நிற்பார். பார்க்க வேண்டியது முன்னே. நமக்கு முன்னால் ஒரு குழி முழுதும் வெறிச்சென்று கிடந்தால் நாம் பிந்திவிட்டோம் என்று பொருள். அப்போது ஓரமாக ஒதுங்கிக் கையசைத்து அழைப்பதுதான் முறை. குறுகிய குழியிலாவது, பந்துகள் கிடக்கும் இடத்தை அடையாளம் வைத்துவிட்டு விலகி நின்று, பின்னே வருகிறவர்களை அடிக்கச் சொல்லலாம். அவர்கள் நடந்து வந்து சேருமுன் நம் வேலை முடிந்துவிடும்.

மலைச்சாலையில் லொறி ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும். கொழுந்து ஏற்றிய லொறி வளைவு கழிந்ததும் இடதுபுறம் ஒதுங்கி, பின்னே வரும் பஸ்ஸுக்குச் சைகை காட்டுகிறது. அதனால் லொறிக்காரரின் கௌரவம் ஒரு குன்றிமணியும் குறைவதில்லை. ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி நின்று வழி விடுகிறது. தேயிலை மலையிலும் தன் நிரையை முந்தி முடித்தவள், பிந்தியவளின் நிரையில் புகுந்து கைகொடுப்பதைக் கண்டிருக்கிறேன். பெரும்பாலும் அவள் வயதானவளாக இருப்பாள். வழி என்ற சொல் எங்கள் ஊரில் இலேசான சொல்லன்று. 2021 மார்ச் 20ஆம் திகதி, லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ், பசறைக்கு அருகே 13ஆம் கட்டையில், பாறை விழுந்து பாதை ஒடுங்கிக் கிடந்த இடத்தில் பள்ளத்தில் வீழ்ந்தது. பதினான்கு உயிர்களுக்குக் குறையாமல் போயின. ஓர் ஆட்டத்தை அந்தத் துயரத்தோடு ஒப்பிடுவது முறையன்று, ஒப்பிடவும் இல்லை. ஒடுங்கிய இடத்தில் ஒருவரோடொருவர் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைப் பொழுதுபோக்கான பேச்சாக என்னால் எண்ண முடியவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

இனி, என்னை இதை எழுதத் தூண்டிய சம்பவம். எந்தத் திடல், யார் யார் என்பது இங்கே வேண்டாம். விடுமுறை நாளொன்றில் மருமகன் பை சுமந்த கூட்டம் மெதுவாகத்தான் ஆடியது. முன்னே ஒரு குழிக்கு மேல் வெறுமை. பின்னே நின்றவர்கள் இரண்டு முறை குரல் கொடுத்தும் பயனில்லை. மூன்றாம் முறை குரல் வரவில்லை, பந்து வந்தது. எச்சரிக்கைக் கூச்சல்கூட இல்லாமல் அடிக்கப்பட்ட பந்து. பந்து விழும் திசையைக் கவனிக்கத் தன் கூட்டத்துக்கும் அப்பால் தள்ளி நிற்பவன் கெடி. ஆகவே அது அவன் தோளைத்தான் தேடிற்று. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே கன்றிப்போன அந்த இடத்தை, ஊருக்கு வந்தபோது அவன் தாய்தான் சட்டையை விலக்கிக் காட்டினாள். நாலு விரற்கடை மேலே பட்டிருந்தால் காது.

பிறகு நடந்ததைக் கேட்டேன். இரண்டு கூட்டத்துக் கனவான்களும் சற்று வாதாடி, பின்பு கைகுலுக்கிக்கொண்டார்களாம். ஆட்டம் தொடர்ந்ததாம். மாலையில், 'அந்த இடத்தில் ஏன் நின்றாய்?' என்று இவனுக்குத்தான் வசை விழுந்ததாம்.

"ஏண்டா, உன் ஆட்களிடம் நீ சொல்லியிருக்கக் கூடாதா, பின்னே வருகிறவர்களைப் போகவிடுங்கள் என்று?"

"சொன்னா நாளைக்குப் பை கெடைக்காது மாமா."

இதற்கு மேல் அவனிடம் நான் எதையும் கேட்கவில்லை.

தாமதத்தால் ஆட்டக்காரருக்கு நேரும் நஷ்டம் பொறுமை மட்டுந்தான். கெடிக்கு அது கூலி. அவனுக்குக் கூலி மணிக்கணக்கில் இல்லை. ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று. காலை ஆறரைக்குத் தொடங்கிய சுற்று பத்தரைக்கு முடிந்தால், நண்பகலில் இன்னொரு பை எடுக்கலாம். நான்கு மணிக்கு இரண்டாம் கூலியும் கைக்கு வரும். முதற்சுற்றே பன்னிரண்டு மணியைத் தொட்டுவிட்டால், இரண்டாவதற்கு வருகிறவர்கள் மலைநாட்டு மூடுபனியையும் ஆறேகாலுக்கு வரும் இருட்டையும் எண்ணித் திரும்பிப் போய்விடுவார்கள். தோட்டத்துக் கணக்கில் சொன்னால், நாள் முழுதும் மலையில் நின்றும் அவனுக்கு அரைப்பேர்தான். அந்த அரைப்பேரை வெட்டியவர் யார் என்று எந்தப் புத்தகத்திலும் பதிவதில்லை.

தண்டனை கொடுத்தால் திருந்தாதா என்று கேட்பார்கள். தண்டனை எங்கே விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அகஸ்டாவில் நடந்த மாஸ்டர்ஸ் போட்டியில், மெதுவாக ஆடியதற்காக ஓர் அடி அபராதம் விதித்தார்கள். யாருக்கு? சீனாவிலிருந்து வந்த குவான் தியன்லாங் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு. அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே அவன்தான் ஆக இளையவன். முன்கூட்டி எச்சரித்த பின்பே விதித்தார்கள், விதிப்படி சரி. பையனும் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டான், அடுத்த நாட்களின் ஆட்டத்துக்கும் தகுதி பெற்றான். ஆயினும் காலங்காலமாக மெதுவாக ஆடிப் பெயர் வாங்கிய பெரியவர்கள் எத்தனையோ பேர் இருக்க, விதி ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் மீது அவ்வளவு துல்லியமாகப் பாய்ந்ததை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் வருகிறது.

கொழும்புத் திடலை ஊடறுத்துக் களனிவெளி ரயில் பாதை செல்கிறது. ரயில் வரும்போது எல்லாரும் கோலை ஊன்றிக்கொண்டு நிற்கிறார்கள். கனவான், கெடி, கழகத் தலைவர் எல்லாரும். யாரும் பல்லைக் கடிப்பதில்லை, ரயிலின் மேல் பந்தை அடிப்பதுமில்லை. ரயிலுக்கு வழி விடுவதில் எவருடைய கௌரவமும் சம்பந்தப்படவில்லை. இன்னொரு மனிதருக்கு, அதிலும் கூலிக்கு நிற்கும் ஒருவன் சொல்லி, வழி விடுவதென்றால்தான் தொண்டையில் முள் சிக்குகிறது.

ஆகையால் நான் சொல்வது இவ்வளவே. நெரிசலான நாட்களில் கூட்டத்துக்குக் கூட்டம் விடும் இடைவெளி, திடலில் ஆக மெதுவான குழிக்குப் பிடிக்கும் நேரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வருமானம் கொஞ்சம் குறையும், குறையட்டும். வழி விடச் சொல்லும் அதிகாரத்தைக் கெடிக்கே கொடுத்துவிட வேண்டும். முன்னே ஒரு குழி வெறுமையாகிவிட்டால் அவன் தன் பையிலுள்ள சிறு கொடியொன்றை எடுத்துக் காட்டட்டும்; காட்டினால் ஒதுங்கியே தீரவேண்டும் என்பதைக் கழகம் தன் விதியாகச் சீட்டிலேயே அச்சடித்துவிடட்டும். அப்போது பேசுவது அவன் வாயல்ல, கழகத்தின் விதி. நாளைக்குப் பை கிடைக்காது என்ற பயமும் வேண்டாம். நாலரை மணிக்கு மேல் நீண்ட சுற்றுக்கு அவனுக்கு மேலதிகக் கூலி எழுதப்பட வேண்டும், அதை மெதுவாக ஆடியவர்களே கொடுக்க வேண்டும். முன்னே ஆட்கள் நிற்கையில் பந்தை அடித்தவருக்கு அன்றைய ஆட்டம் அத்துடன் முடிந்தது என்று சொல்லவும் ஒருவர் வேண்டும்.

ஆட்டம் பண்பட்ட கனவான்களுடையது, அதிலே கொடியும் கூலியும் கொண்டுவந்து கெடுக்காதே என்பவர்களும் இருப்பார்கள். அவர்கள் சொல்லும் பண்பு வழக்கத்தில் இருந்திருந்தால், என் மருமகன் இரண்டு வாரம் இடது தோளில் பை மாட்டிக்கொண்டு நடந்திருக்க மாட்டான். வலத்தோள் இப்போது தேறிவிட்டது. வருகிற சித்திரைக்கு மறுபடியும் போகிறான்.