விஷுவுக்குப் பாலியெஸ்டர் உறை எதற்கு?

குளிர்நாடுகளில் வசந்தம் வந்தால் வீட்டுக்குள் முதலில் மாறுவது சோபாவில் கிடக்கும் குஷன் உறைதான். கம்பளி உறைகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, வெளிர்நிறப் பூப்போட்ட ‘குயில்ட்’ உறைகளை எடுத்துப் போடுகிறார்கள். இரண்டு துணிகளுக்கு நடுவே பாலியெஸ்டர் பஞ்சு வைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்த உறைகள் இவை. இணைய விற்பனை வழியாக அந்த வழக்கம் நம் பக்கமும் வந்துவிட்டது. கொன்றை பூக்கும் நாட்களில் விஷுவுக்கு வீட்டை ஒழுங்கு செய்யும் திருவனந்தபுரத்துக் குடும்பங்கள் இவற்றை வாங்குகின்றன. தையல் தெரிந்தவர்கள் அதே பஞ்சை வாங்கி வீட்டிலேயே தைக்கிறார்கள். பருவத்துக்கு ஒரு புது உறை என்ற ஆசையில் தவறில்லை, அதைத் தானே தைப்பது இன்னும் நல்லது. ஆனால் அந்தப் பஞ்சு இந்த ஊருக்கு ஆகாது. இங்கே குயில்ட் உறை தைப்பவர்கள் அலமாரியில் மடித்துக் கிடக்கும் பழைய பாலராமபுரம் கைத்தறி முண்டைத்தான் கையில் எடுக்க வேண்டும்.

முதல் காரணம் வானிலை. இங்கே குளிர்காலம் என்று ஒன்று இல்லை. மலையாள மாதங்களான மீனமும் மேடமும் புழுக்கத்தின் உச்சம். அது முடிந்த சில வாரங்களில், வழக்கமாக ஜூன் முதல் தேதியை ஒட்டி, தென்மேற்குப் பருவமழை கேரளத்தின் தென்கோடியில் இறங்கிவிடும். விஷுவுக்குப் போட்ட உறை ஆறேழு வாரத்தில் ஈரக்காற்றைச் சந்திக்கிறது. சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி இழை தன் எடையில் சுமார் எட்டரை சதவீத ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட உறிஞ்சாது. சாய்ந்து உட்காருபவரின் முதுகு வியர்வை பருத்தியில் இழுபட்டுக் காற்றில் உலர்ந்துபோகும். பாலியெஸ்டரில் அது தோலோடு ஒட்டி நின்றுவிடும். துவைக்கும்போதும் இந்த வேறுபாடு தெரியும். பாலியெஸ்டர் பஞ்சு சில துவைப்புகளில் திரண்டு மூலைக்குப் போய்விடுகிறது, சூடான இஸ்திரிப் பெட்டியைத் தாங்குவதில்லை. பருத்தியைக் கொதிநீரில் அலசலாம், உச்சி வெயிலில் போடலாம், அழுத்தித் தேய்க்கலாம். பூஞ்சைக்கு இதைவிட நல்ல மருந்து வீட்டில் கிடையாது.

“அதிகம் உறிஞ்சும் துணிதானே அதிகம் பூசணம் பிடிக்கும்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான்கு அடுக்குப் பருத்தி அடைமழை நாளில் மெதுவாகத்தான் உலரும். அதனால்தான் எந்தப் பருத்தி என்பது முக்கியமாகிறது. ஜமுக்காளத்தையும் திரைச்சீலையையும் அடுக்கினால் தோல்விதான். பாலராமபுரம் துணி நூறாம் நம்பருக்கும் அதற்கு மேலும் போகும் மெல்லிய நூலில் நெய்யப்படுவது. நான்கு மடிப்பு வைத்தாலும் கனக்காது, மழை விட்ட இடைவெளியில் காய்ந்துவிடும். மழை ஓயாத ஆடி மாதத்தில் இதை எடுத்து வைத்துவிட்டு ஒற்றைத் துணி உறையைப் போடுவதே சரி. பருவத்துக்கேற்ப மாற்றுவதுதானே வீட்டு அலங்காரம்? நம் பருவம் எது என்பதை நம் வானம் சொல்லட்டும்.

பாலராமபுரம் தமிழ் வாசகர்களுக்கு அந்நியமான ஊரல்ல. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் சாலையில் இருக்கிறது. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் பெயரைத் தாங்கிய ஊர் இது. அவர் காலத்தில் திவான் உம்மிணித் தம்பி நெசவுக்காகக் குடியேற்றிய சாலியர்கள் தெற்குத் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்தவர்கள். ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத் தெரு என்று அவர்கள் வகுத்த தெருக்கள் இன்றும் அதே பெயரில் இருக்கின்றன. பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கட்டி அரிசிக் கஞ்சி தோய்ப்பதும், குழித்தறியில் நாடாவைக் கையால் எறிந்து நெய்வதும் இந்தத் துணிக்கு அடையாளம். வெளுக்காத பழுப்பு நிறமும் கசவு எனும் ஜரிகைக் கரையும் அதன் அழகு. 2009இல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்தத் துணி குயில்ட்டுக்குப் புதிதாக இருப்பதைவிடப் பழையதாக இருப்பதே மேல். புதுத் துணியில் கஞ்சி இருக்கும். அடுக்கி நெருக்கமாகத் தைத்த பிறகு முதல் துவைப்பில் ஒரு அடுக்கு ஒரு விதமாகவும் இன்னொன்று வேறு விதமாகவும் சுருங்கி, உறை கோணிக்கொள்ளும். பத்து வருடம் துவைத்த முண்டு சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்தது. ஊசி வழுக்கிக்கொண்டு இறங்கும். பஞ்சு வைக்காமல் பழந்துணியையே அடுக்கும் உத்தியும் நம் நாட்டுக்குப் புதிதல்ல. வங்காளத்துக் காந்தா அப்படித்தான் பிறந்தது: பழைய சேலைகளை அடுக்கி, நெருக்கமான நூலோட்டத்தால் ஒன்றாக்குவது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவாண்டி, ஓரத்தில் தொடங்கித் துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டே நடுவுக்கு வந்து முடியும். இரண்டுமே வெயிலும் மழையும் மிகுந்த நிலத்தில் வளர்ந்த தையல்கள். குளிர்நாட்டுச் செய்முறையைக் கடன் வாங்குவதற்கு முன் இவற்றைப் பார்ப்பதே முறை.

கணக்கும் எளிதுதான். இரண்டு மீட்டர் நீளமும் 120 செ.மீ. அகலமும் உள்ள ஒற்றை முண்டில் 45 செ.மீ. சதுரங்கள் எட்டு கிடைக்கும்; மிஞ்சும் 30 செ.மீ. பட்டையில் முதுகுப் பக்கத்துக்கான நான்கு துண்டுகள் தேறும். 40 செ.மீ. குஷனுக்கு முன்பக்கம் நான்கு அடுக்கு என்றால், ஒரு முண்டில் இரண்டு உறை. கறையும் இற்றுப்போன இடமும் போக ஒன்றாவது நிச்சயம். நைந்த பகுதியை நடு அடுக்குக்கு வைக்க வேண்டும், உறுதியான ஓரப்பகுதியை மேலே கொண்டுவர வேண்டும். அடுக்குகளைப் பெரிய தையலில் தற்காலிகமாகப் பிடித்துவிட்டு நடுவிலிருந்து ஓரத்துக்குத் தைத்தால் துணி உப்பாது. தைத்து முடித்த பிறகே ஓரத்தை அளவுக்கு வெட்ட வேண்டும், ஏனென்றால் தையல் துணியைச் சற்று உள்வாங்கும். பின்பக்கத்து இரு துண்டுகளை மடித்துத் தைத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்தால் ஜிப்பே வேண்டாம். கசவு கன்னத்தில் உரசும் என்பதால் அதை நடுவில் வைக்காமல் ஓரத்தில் சட்டம்போல் வைப்பது நல்லது. வெட்டுவதற்கு முன் அது பழைய வெள்ளி ஜரிகையா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அதற்குத் தனி மதிப்புண்டு. நூலும் பருத்தியாகவே இருக்கட்டும். முடிந்த உறைக்குக் கஞ்சி போடக் கூடாது, ராமபாணப் பூச்சி அதைத்தான் தேடி வரும்.

திருவனந்தபுரத்துக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. நகரின் குப்பையைச் சுமந்த விளப்பில்சாலை ஆலை, அந்த ஊர் மக்களின் எதிர்ப்பால் 2011 டிசம்பரில் மூடப்பட்டது. அதன்பின் மக்கும் குப்பையை வீட்டிலேயே உரமாக்கும் முறைக்கு நகரம் பழக வேண்டியிருந்தது. பருத்தித் துணியும் பருத்தி நூலுமான உறை இற்றுப்போனால் மண்ணோடு சேரும். பாலியெஸ்டர் பஞ்சு சேராது. அதைச் சுமக்க இன்னொரு விளப்பில்சாலையைக் கேட்கும் உரிமை நமக்கில்லை.

கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதற்கு இரண்டு நாள் உழைப்பா என்று கேட்பவர்கள் உண்டு. கூலிக் கணக்கு போட்டால் வீட்டுத் தையல் தோற்கத்தான் செய்யும். ஆனால் மலிவு உறை ஒரு வருடத்தில் திரண்டுபோகிறது, இது பல வருடம் உழைக்கும். இதைவிடக் கனமான ஆட்சேபம் நெசவாளர் பக்கத்திலிருந்து வரும்: பழையதை வைத்துத் தைத்தால் புதியதை யார் வாங்குவார்கள்? கைத்தறி விற்காததற்குப் பெரிய காரணம், விசைத்தறித் துணியைவிடப் பல மடங்கு விலை என்பதுதான். முண்டாக இருந்தது பின்னர் உறையாகவும் உழைக்கும் என்று தெரிந்தால் அந்த விலை வாங்குபவருக்கு வேறு மாதிரித் தெரியும். 2018 கேரள வெள்ளத்தில் சேந்தமங்கலத்து நெசவாளர்களின் துணிகள் சேற்றில் நாசமானபோது, சமூகத் தொழில்முனைவோரான லட்சுமி மேனனும் கோபிநாத் பறையிலும் அவற்றைக் கழுவிச் ‘சேக்குட்டி’ பொம்மைகளாக்கினார்கள். ஆயிரத்து முந்நூறு ரூபாய் சேலை ஒன்றிலிருந்து 360 பொம்மைகள், ஒன்று 25 ரூபாய். பயனில்லை என்று ஒதுக்கிய துணி ஒன்பதாயிரம் ரூபாய் ஆனது. அந்தப் பணம் நெசவாளருக்குத்தான் போனது.

அந்த வழியை வெள்ளம் வந்தால்தான் நினைக்க வேண்டுமா? திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கைத்தறிக் கூட்டுறவு அமைப்பான ஹான்டெக்ஸ், நெசவில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகளைக் கஞ்சி நீக்கிக் குஷன் உறை அளவுக்குக் கட்டி விற்கலாம். தைக்க நேரமில்லாதவர்கள் தங்கள் பழைய முண்டைக் கொடுத்து உறையாக்கி வாங்க, 1998 முதல் இயங்கும் மகளிர் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீயின் தையல் குழுக்கள் இருக்கின்றன. அடுத்த விஷுவுக்குள் இந்த இரண்டையும் தொடங்கக் கைத்தறித் துறை முன்வர வேண்டும். விஷுவுக்குப் புது முண்டு வாங்குகிறவர்கள், பழையதைத் தரை துடைக்கப் போடுமுன் அதில் எட்டுச் சதுரம் தேறுமா என்று அளந்து பாருங்கள்.