தறிக்குழிக்குப் பக்கத்தில் ஒரு குளியலறை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிவீடுகளில் குளியலறை கொல்லையை விட்டு வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறது. கிணற்றடியில் குளித்துப் பழகியவர்களுக்கு இப்போது மூட்டுவலி. தறிக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே ஐந்தடிக்கு நாலடி ஒதுக்கி, "இதுல ஒரு பாத்ரூம் போட்டுக் குடுங்க மேஸ்திரி" என்கிறார்கள். சிலர் டைல்ஸ், பைப் எல்லாவற்றையும் தாங்களே வாங்கிவைத்து, கொத்தனாரைக்கூட அழைக்காமல் முடித்துவிடப் பார்க்கிறார்கள். ஆன்லைனில் வாங்கிய அக்ரிலிக் ஷவர் தட்டும் வந்து இறங்குகிறது.

எந்தத் தளம் நல்லது என்று அவர்கள் கேட்கும்போது மேஸ்திரிகளான நம்மில் பலர், "கீழ்வீடுதானே, வாட்டர் புரூஃபிங் எதற்கு? கீழே யார் இருக்கிறார்கள்?" என்று சொல்லிவிடுகிறோம். தறிவீட்டில் கீழே ஆள் இருக்கிறார். நெசவாளி குழிக்குள் காலை விட்டு, மிதியை மிதித்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். குளியலறைத் தரையில் இறங்கும் தண்ணீர் மண்ணுக்குள் பள்ளம் தேடிப் போகும். பக்கத்தில் இருக்கிற பள்ளம் அந்தக் குழிதான். மழைக்காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் ஊறி வேலை நின்றுபோவது இந்த ஊருக்குப் புதிதல்ல. கசிகிற குளியலறை அதை ஆண்டு முழுக்க நடத்திவைக்கும். பாவில் ஈரம் ஏறும், சரிகை கறுக்கும். கூலி போவது அந்தக் குடும்பத்துக்கு.

ஆகவே தரையோடு இருக்கும் தறிவீட்டுக்கு, இடத்திலேயே போடும் தளத்தைத்தான் நான் சொல்வேன். மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, 4 அங்குலக் கான்கிரீட். அதன்மேல் பாலிமர் கலந்த சிமென்ட் பூச்சு இரண்டு கோட்டு, ஒன்றுக்கொன்று குறுக்காக. சுவரும் தரையும் சேரும் மூலையில் கலவையை உருட்டிவிட்டுப் பிறகு பூச வேண்டும். பூச்சு முதலில் விரிசல் விடுவது அங்கேதான். தறிப் பக்கச் சுவரில் பூச்சு ஆறடிக்குக் குறையக் கூடாது. ஷவரையும் குழாயையும் அந்தச் சுவரில் வைக்கவே வேண்டாம். வாட்டம் அடிக்கு ஒரு நூலாவது வேண்டும். நஹானி டிராப்பில் 50 மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால்தான் நாற்றம் மேலே வராது.

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் டிராப்பின் வாயை அடைத்து, 2 அங்குலத் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து 48 மணி நேரம் விட வேண்டும். கோட்டை மட்டும் பார்த்தால் போதாது. தறிக்குழிக்குள் இறங்கி, குளியலறைப் பக்கத்து மண்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வீட்டுக்காரர் அவசரப்படுத்துவார், இந்த இரண்டு நாளை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

டைல்ஸ் விஷயத்தில் கடைக்காரர் 'ஆர் 10', 'ஆர் 11' என்பார். அது ஜெர்மானிய டின் 51130 தரத்தின் எண். சாய்தளத்தில் மோட்டார் ஆயில் ஊற்றி, பூட்ஸ் போட்ட ஆளை நடக்கவைத்துச் சோதிப்பது. வெறுங்காலுக்கும் சோப்புத் தண்ணீருக்கும் உரியது டின் 51097. அதில் குளியலறைக்கு 'பி' வகுப்பு. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் உள்ள வீட்டுக்கு இரண்டுமே முழு விடை இல்லை. மாதிரி டைல்ஸில் நல்லெண்ணெயும் சீயக்காயும் தடவி, வீட்டுப் பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கவைத்துப் பார்த்த பிறகு வாங்கச் சொல்லுங்கள்.

அக்ரிலிக் தட்டை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. மரச்சட்டத்தில் நிற்கும் பழைய மெட்ராஸ் டெரஸ் மாடியில் ஓரடிக்குச் செங்கல் ஜல்லி நிரப்பினால் சதுர மீட்டருக்கு 500 கிலோவுக்கு மேல் ஏறும். அந்தச் சட்டங்களுக்கு அது ஆகாது. அங்கே இலேசான தட்டுதான் சரி. ஆனால் நம் ஆட்கள் முக்காலி போட்டு உட்கார்ந்து, நிறைந்த வாளியை இழுத்து வைத்துக் குளிப்பவர்கள். தட்டின் அடியில் இடைவெளி விடாமல் கலவையால் தாங்கு கொடுங்கள். இல்லையென்றால் முக்காலிக் கால் பதியும் இடத்தில் விரிசல் விடும்.