தாய் தொழில்: கூலி

பள்ளி சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் தொழிலுக்கு ஒரு கட்டம் உண்டு. நீலகிரியில் பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளின் படிவங்களில் அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் ஒரே சொல்தான்: கூலி. என் படிவத்திலும் அதுதான் இருந்தது. இன்று ஆசிரியையாக அதே படிவங்களை நான் வாங்கி வைக்கிறேன். அந்தச் சொல்லை இனி அங்கே எழுதக் கூடாது என்பது என் கட்சி.

சொல்லின் மேல் எனக்குக் கோபம் இல்லை. செய்த வேலைக்குக் கிடைப்பது கூலி. வள்ளுவரே ஆள்வினையுடைமை அதிகாரத்தில் முயற்சியின் பலனை இந்தச் சொல்லால்தான் சொல்கிறார். ஆங்கிலத்தில் அது ஆளின் பெயராகிவிட்டது. குஜராத்தின் கோலி சமூகப் பெயரிலிருந்து ஆங்கிலச் சொல் வந்தது என்பாரும் உண்டு. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி கோலி, கூலி இரண்டையும் எடுத்து அலசுகிறது. பிறப்பு எதுவானாலும், அதைச் சுமந்தவர்களில் நம் ஆட்கள் ஏராளம். 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புக் காட்டுக்குப் போனவர்கள் அங்கே கூலிகள். 1893இல் அங்கே போன காந்தி 'கூலி பாரிஸ்டர்'. மொரிஷியசில் நம்மவர்கள் இறங்கிய துறைக்கே கூலி காட் என்று பெயர். இன்று அது ஆப்ரவாசி காட், 2006 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். தென்னாப்பிரிக்காவில் இப்போது யாரையாவது அப்படி அழைத்தால் அது வசை.

எங்கள் குடும்பம் இலங்கையிலிருந்து வந்தது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி அங்கிருந்த இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் வந்தன. அவைதான் பிறகு டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆயின. அந்த இலங்கையில் வெள்ளைக்காரச் சின்னத்துரைகள், அதாவது தோட்டத்தின் துணை மேலாளர்கள், தமிழ் பழக 19ஆம் நூற்றாண்டில் அச்சிட்ட கைப்புத்தகத்தின் தலைப்பு 'இங்கே வா'. 1915இல் வந்த இன்னொன்று 'கூலித் தமிழ்'. நாங்கள் பேசிய மொழிக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள்.

ஆனால் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் ஆட்கள் ஒரு நாள் வேலையைச் சொல்வது 'பேர்' என்று. காலையில் பேர் போடுவார்கள். நிறுவையில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். "இன்னிக்கு அரைப்பேருதான் விழுந்துச்சு" என்று அம்மா சொன்னால் அன்றைக்கு வீட்டில் யாரும் எதுவும் கேட்க மாட்டோம்.

அம்மா செய்த வேலையைப் பார்த்திருந்தால் அந்தக் கட்டத்தில் யாரும் கூலி என்று எழுதியிருக்க மாட்டார்கள். இடுப்பில் படங்குச் சாக்கு, முதுகில் கூடை, காலில் அட்டை. ரெண்டு இலை, ஒரு மொட்டு; அதற்குக் கீழே முற்றிய இலை சேர்ந்தால் நிறுக்கும்போது ஏச்சு, மொட்டை விட்டுவிட்டால் எடைக்குறைவு. கண் அடுத்த செடிக்குப் போய்விடும், விரல்நுனி இந்தச் செடியில் இலையின் இளசைத் தொட்டே தெரிந்துகொள்ளும். அப்பா கவாத்து வெட்டுவார். வெட்டு சாய்வாகவும் பிளவில்லாமலும் விழ வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் தங்கிக் கிளை அழுகிவிடும். இதெல்லாம் ஆண்டுக்கணக்கில் கையில் ஏறுகிற தொழில். கடைசியில் கிடைத்த பணம்தான் கூலி.

"கூலி என்று போட்டால்தான் உதவித்தொகை சுலபமாகக் கிடைக்கும்" என்று சிலர் சொல்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் வறுமையைக் காட்ட வருமானச் சான்றிதழ் தனியாக இருக்கிறது. 2016 ரயில்வே பட்ஜெட்டில் சுமை தூக்கும் கூலிகளுக்குச் 'சகாயக்' என்று பெயர் மாற்றினார்கள். அப்படிப் புதுப்பெயர் சூட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. செய்கிற வேலையின் பெயர் போதும். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே தோட்டத்தில் வேலை செய்பவர்களைத் தொழிலாளர் என்றுதானே சொன்னது!

பத்திரிகைகளுக்கும் ஒரு வார்த்தை. கூடலூர்ப் பக்கம் யானை அடித்து ஒருவர் செத்துப்போனால், 'கூலித் தொழிலாளி பலி' என்று தலைப்பு வருகிறது. ஒரு வியாபாரியோ வங்கி ஊழியரோ இறந்தால் வாங்கிய பணத்தைக் கொண்டா அவரை அடையாளம் சொல்கிறீர்கள்?

ஜூன் மாதம் படிவங்கள் வரும். தலைமையாசிரியர்களே, கிராம நிர்வாக அலுவலர்களே, செய்தியாளர்களே: என்ன வேலை என்று ஒரு கேள்வி கேளுங்கள். கொழுந்து பறிப்பவர், கவாத்து வெட்டுபவர், மருந்து அடிப்பவர், ஃபேக்டரியில் இலை வாட்டுபவர் என்று அவர்கள் சொல்வார்கள். அதை அப்படியே எழுதுங்கள்.