வாய்மொழியும் மரப்பலகையும்

மாத்தளை நகருக்கு வடக்கே அணித்தாயுள்ளது அலுவிகாரை. கி. மு. முதலாம் நூற்றாண்டில், பஞ்சமும் போரும் நாட்டை வாட்டிய வேளையில், அதுவரை வாய்மொழியாக வழங்கிவந்த பாளித் திரிபிடகம் அங்கேயே ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு. ஓதுவார் மறைந்தால் ஓதப்படுவதும் மறையும் என அஞ்சியோரின் முன்யோசனை அது. அதே மாத்தளையின் தோட்டங்களில் மற்றொரு வாய்மொழிச் செல்வம் இன்று அத்தகைய முன்யோசனையை வேண்டி நிற்கின்றது.

கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிறங்கிக் காட்டுவழியே நடந்து மாத்தளையை அடைந்த நம் முன்னோர் பொன்னும் பொருளும் கொணர்ந்தாரல்லர். பாட்டையும் கூத்தையும் கொணர்ந்தனர். அவற்றுள் ஒன்று காமன் கூத்து. மாசியிற் காமன் நட்டு, தப்பு முழங்க இரதியும் மன்மதனும் ஆடி, ஈற்றிற் காமனை எரிப்பர். அதே மாசியில் மாத்தளை முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களும் வீதியுலா வருகின்றன. தேரைக் காண நாடே திரள்கின்றது. கூத்தைக் காண்பார் தொகையோ அருகி வருகின்றது. இளைஞர் தொழில் தேடிக் கொழும்பு செல்ல, பாட்டறிந்த முதியோர் ஒருவர் பின் ஒருவராய் மறைகின்றனர்.

இவ்விடத்து யப்பானியரை நினைவுகூர்தல் தகும். 1684 இல் ஒசாக்கா நகரில் தக்கெமோத்தோ கிதாயு பாவைக்கூத்து அரங்கமொன்றை நிறுவினார். அவ்வரங்கில் 1748 இல் ஆடப்பெற்ற ‘சூஷிங்குரா’ நாடகத்தைப் பிற்காலத்தில் ஹொக்குசாய் முதலிய ஓவியர் மர அச்சுச் சித்திரங்களாக்கினர். வரைபவர் ஒருவர், செரி மரப்பலகையிற் செதுக்குபவர் ஒருவர், மை தடவி அச்சிடுபவர் ஒருவர், முதலிட்டு விற்பவர் ஒருவர் என நால்வர் உழைப்பிற் பிறந்தவை அவை. ஹிரோஷிகே 1856 முதல் 1858 வரை வெளியிட்ட எதோ நகரக் காட்சிகளில், தனபத்தா விழாவுக்கு மூங்கிற் கழிகளிற் கட்டிய காகிதத் தோரணங்கள் காற்றில் ஆடுகின்றன. அரண்மனைக்கென்று அன்றி, கடைத்தெருவில் மலிவாய் விற்பதற்கென்றே இவை அச்சாயின. பொதுமக்களின் கூத்தும் விழாவும் பொதுமக்கள் கைக்கே படமாய் வந்தன.

கைத்தொலைபேசி யாவற்றையும் படம்பிடிக்கின்றதே எனச் சிலர் வினவலாம். அது ஓர் இரவின் ஆட்டத்தைப் பிடிக்கும்; பொருளை வினவாது. வரைய அமரும் மாணவனோ, இம்முடி யாருடையது, இவ்வணி எதனாற் செய்தது, இப்பாட்டு எவ்விடத்து வரும் என ஆடுபவரையே கேட்டாக வேண்டும். அக்கேள்வியே கல்வி.

ஆகவே உக்குவளை, இறத்தோட்டை முதலிய பகுதிப் பாடசாலைகளின் ஆசிரியர்க்கு நமது வேண்டுகோள் இது: வரும் மாசியிற் சித்திர மாணவரையும் தமிழ் மாணவரையும் காமன் பொட்டலுக்கு ஒருங்கே அழைத்துச் செல்லுங்கள். ஒருவர் வரையட்டும், ஒருவர் பாட்டை எழுதட்டும். நல்லனவற்றைப் பலகையிற் செதுக்கி அச்சிடுங்கள். முதற்படி ஆடிய கலைஞர் வீட்டுச் சுவருக்கே உரியது.

படம் மட்டும் கூத்தைக் காத்துவிடாது. ஆடுவோரே அதனைக் காப்பர். ஆயினும், தம் கலையைத் தம் பிள்ளைகள் மதிக்கின்றனர் எனக் கண்ட முதியவர் அதனைக் கற்பிக்க மறுப்பாரோ? தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை 2023 இல் நடந்து, முன்னோர் வந்த வழியை நினைவுகூர்ந்தோம். அவர்கள் சுமந்து வந்ததையும் இழவாது காத்தலே அந்நடைக்கு நிறைவாகும்.