அடுப்படியில் ஒரு ஜெபம்

ஜூன் பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால், குற்றாலத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு மாலை ஏழு மணி வியாபாரம் சூடுபிடிக்கும் நேரம். ஆகஸ்ட் வரை அப்படித்தான். ஊழியத்துக்கு வந்த புதிதில், சிப்ஸ் கடை நடத்தும் ஒரு குடும்பத்திடம், “தினமும் ஏழு மணிக்கு எல்லாரும் உட்கார்ந்து குடும்ப ஜெபம் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். “சரி ஐயா” என்றார் அந்த அம்மா. சீசன் முடிந்து போனபோது, “ஒரு நாள்கூட முடியல ஐயா” என்று தலைகுனிந்து நின்றார். விடியக்காலம் எண்ணெய்ச் சட்டியை ஏற்றியதும் பரமண்டல ஜெபத்தைச் சொல்லிவிட்டே முதல் காயைச் சீவுவது அவருக்குப் பல வருஷப் பழக்கம் என்பது பேச்சுவாக்கில்தான் தெரிந்தது. அதை ஜெபமென்று அவரே கணக்கில் சேர்க்கவில்லை. சேர்க்க விடாதது நான் வைத்த ஏழு மணி.

சபை ஊழியர்களே, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களே, வீடு சந்திக்கப் போகும்போது “குடும்ப ஜெபம் பண்றீங்களா?” என்று கேட்பதை விட்டுவிடுவோம். அதற்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான். “காலையில யார் முதல்ல எழும்புவா? ராத்திரி யார் கடைசியா வருவா?” என்று கேட்டுப் பாருங்கள். அந்த வீட்டில் ஜெபத்துக்கு எந்த நேரம் ஒத்துவரும் என்று தெரியும்.

மிஷனெரி ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தபின் வளர்ந்த திருநெல்வேலிச் சபைகளில், உபதேசியார் காலையும் மாலையும் மணியடித்து ஊரைக் கூட்டினார். காட்டு வேலைக்குப் போகுமுன் ஒரு மணி, திரும்பியபின் ஒரு மணி. ஜெபம் வேலையின் தாளத்தில் உட்கார்ந்திருந்தது. இன்றைக்குத் தகப்பன் புளியரை தாண்டிக் கேரளத்தில் வேலை பார்க்கிறார். தாய் பீடி சுற்றுகிறார். மணியடித்த நேரத்தை மட்டும் பழையபடி பிடித்துக்கொண்டிருந்தால் எப்படி? உபாகமம் ஆறாம் அதிகாரம் வீட்டில் உட்காருவதையும் வழியில் நடப்பதையும் படுப்பதையும் எழும்புவதையும் சொல்கிறது. நேரம் எதையும் குறிக்கவில்லை.

பாவூர்சத்திரம் பக்கம் ஒரு வீட்டில் பார்த்தது கண்ணிலேயே நிற்கிறது. அம்மா மடியில் சொளகு. ஊறிப் பதமான இலையைக் கத்தரித்து, தூள் வைத்துச் சுருட்டி நூல் கட்டிக்கொண்டிருக்கிறார். எதிரே மூன்றாம் வகுப்பு மகள் மனப்பாட வசனம் ஒப்புவிக்கிறாள். பிள்ளை தடுமாறினால் அம்மாவின் கை நிற்பதில்லை, வாய் மட்டும் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்கிறது. ஒரு கட்டு சேர்வதற்குள் வசனம் நாலு தடவை வந்துவிட்டது. புகையிலைத் தூளுக்கு இத்தனை பக்கத்தில் பிள்ளை உட்காருவது எனக்கு வேதனைதான். அதையும் நாம் பேசியாக வேண்டும். ஆனால் அந்த வசனம் அவளுக்கு வாழ்நாளுக்கும் மறக்காது.

பிடியரிசியை நினைத்தால் மனசு ஆறவில்லை. உலை வைக்க அரிசி அளந்ததும் ஒரு பிடி எடுத்துக் கர்த்தருக்கென்று கலயத்தில் போடுவது நம் பாட்டிமார் வழக்கம். மிசோரத்தில் 1910இல் சபைப் பெண்கள் தொடங்கிய ‘பூஃபாய் தாம்’ என்ற பிடியரிசி இன்றும் அங்கே மிஷன் ஊழியத்தைத் தாங்குகிறது. நம் வீடுகள் பலவற்றில் கலயம் போய்க் காணிக்கைக் கவர் வந்துவிட்டது. கணக்குக்கு அது வசதி. ஆனால் கவரில் பணம் வைப்பது அப்பா. கலயத்தில் அரிசி போட்டது பிள்ளை. பாதி சிந்தும், பாதி விழும், சிந்தியதைப் பொறுக்கிப் போடும்போது, “இது யாருக்கும்மா?” என்று கேட்கும். அந்தக் கேள்விக்குத் தாய் சொல்லும் பதிலைவிடப் பெரிய வேதபாடத்தை எந்த விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) வகுப்பிலும் நான் நடத்தியதில்லை. கலயத்தைத் திரும்ப அடுப்படிக்குக் கொண்டுவாருங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு பழக்கம் போதும். அதையும் மாத அறிக்கையில் எண்ணிக்கையாக்கிவிடாதீர்கள்.

அடுத்த சீசனில் அந்தச் சிப்ஸ் கடைக்கு விடியுமுன்னே போனேன். “எண்ணெய் காயுற நேரத்துல நானும் கூட நிக்கட்டுமா?” என்று கேட்டேன். அவரும் கணவரும் தூக்கம் கலையாத மகனுமாக அடுப்பைச் சுற்றி நின்றோம். ஆமென் சொன்னதும் முதல் ஈடு நேந்திரங்காய் சட்டியில் விழுந்தது.