குழாய் வாங்கினால் தண்ணீர் வந்துவிடுமா?

சேத்தியாத்தோப்பு வாசிகளுக்குக் குழாயைப் பற்றி நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வீராணத்துத் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டு போவதென்று பழைய திட்டத்தில் வார்த்த பெரிய சிமெண்டுக் குழாய்கள் 1970-களில் ரோட்டோரங்களில் வருஷக் கணக்காய் வெறுமனே கிடந்தன. 2004-ல் இதே சேத்தியாத்தோப்பிலிருந்து பம்பு செய்து, வடக்குத்தில் சுத்தி செய்து அனுப்ப ஆரம்பித்த பிறகுதான் தண்ணீர் பட்டணம் போய்ச் சேர்ந்தது. பம்புக்குக் கரண்டு வேண்டும், ஆள் வேண்டும், மாதா மாதம் பணம் வேண்டும். குழாய் மாத்திரம் தண்ணீர் தராது.

சர்வகலாசாலைகள் கம்ப்யூட்டருக்கும் இன்டர்நெட்டுக்கும் செலவு திட்டமிடும் மாதிரியைப் பார்த்தால் அந்தப் பழைய குழாய்களின் ஞாபகமே வருகின்றது. இந்திய சர்க்கார் 2010-ல் தேசிய அறிவு வலையமைப்பு என்பதற்காகப் பத்து வருஷத்துக்கு 5,990 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். சர்வகலாசாலைகளையும் ஆராய்ச்சி ஸ்தாபனங்களையும் வேகமான கம்பியால் இணைப்பதே அதன் நோக்கம். நல்ல காரியந்தான். ஆனால் அந்தக் கம்பி வந்து நிற்பது சர்வகலாசாலை மதிலுக்கு உள்ளே. பணம் கட்ட வேண்டிய மாணாக்கனோ பெரும்பாலும் மதிலுக்கு வெளியே இருக்கிறான்.

சிதம்பரத்தையே பாருங்கள். 1929-ல் அண்ணாமலை சர்வகலாசாலை ஏற்பட்டபோது அங்கேயே தங்கிப் படிப்பவர்களுக்கென்றுதான் ஏற்பட்டது. 1979-ல் தபால் மூலம் படிப்பு வந்தது. 2013-ல் சட்டம் செய்து சர்க்கார் தன் கைக்கு எடுத்துக் கொண்டது. பிறகு கடலூர், விழுப்புரம் முதலிய ஜில்லாக் காலேஜுகளும் அதனோடு சேர்க்கப்பட்டன. ஆகவே ஆன்லைன் சேவை என்பது இப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அலங்காரமல்ல. அது இல்லையென்றால் ஒரு நாள் கூலியும் பஸ் சார்ஜும் போச்சு.

இப்போது நடப்பதென்ன? எந்தக் காலேஜானாலும் சரி, பரீட்சைப் பணம் கட்டக் கடைசி நாளென்றால் சர்வர் படுத்துக்கொள்ளும். சாதாரண நாள் கூட்டத்தைக் கணக்குப் பண்ணி இயந்திரம் வாங்கினால் திருவிழாக் கூட்டத்தை அது எப்படித் தாங்கும்? பாரத்திலோ எல்லாம் இங்கிலீஷ். பெண் பிரௌசிங் சென்டருக்குப் போகிறாள். அங்கிருப்பவர் தட்டுகிறார், காசு வாங்குகிறார். அவள் பாஸ்வேர்டும் அவரிடமே தங்கிவிடுகிறது. புரியாத பாஷையில் யாரோ முணுமுணுக்கத் தட்சணை வைத்துவிட்டு வருவது நம் ஜனங்களுக்குப் பழகின சங்கதிதானே! சென்டர்காரர் மீது நமக்குக் கோபமில்லை. அவர் வயிற்றுப் பிழைப்பைச் செய்கிறார். சர்வகலாசாலை செய்யாமல் விட்ட வேலைக்கு ஏழை மாணாக்கன் ஏன் இரண்டாம் முறை பணம் கட்ட வேண்டும் என்பதே நம் கேள்வி.

"நிதி போதாது" என்பார்கள். புது இயந்திரத்தைத் திறந்து வைத்து, சந்தனப்பொட்டு இட்டு, போட்டோ எடுக்கிற அன்று நிதி இருந்ததே! ஐந்தாறு வருஷத்தில் அந்த இயந்திரம் கிழடாகும். பேட்டரி அதற்கும் முன்னே சாகும். லைசென்சுக்கு வருஷா வருஷம் கப்பம் கட்ட வேண்டும். பார்த்துக்கொள்ள நிரந்தரச் சம்பளத்தில் ஆள் வேண்டும். வாங்குகிற அன்றே இவைகளை எழுதாத கணக்கு கணக்காகாது.

ஒவ்வொரு காலேஜும் தனித்தனியே வாங்குவதும் வீண். கரும்பு போடுகிறவர் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு ஆலையா கட்டினார்கள்? சேத்தியாத்தோப்பில் கூட்டுறவு ஆலை இருக்கிறது. ஹாலந்தில் சர்வகலாசாலைகளும் அப்படியே கூட்டுறவு வைத்து இன்டர்நெட் சேவையைப் பொதுவில் நடத்துகின்றன. தன் காலேஜ் பாஸ்வேர்டைக் கொண்டே வேறு ஊர்க் கலாசாலையிலும் இணைப்புப் பெறும் எடுரோம் என்ற ஏற்பாடு 2002-ல் அங்கேதான் கிளம்பிற்று.

காசே வேண்டாத காரியங்களும் உண்டு. சர்வர் எத்தனை நாள் நின்றதோ அத்தனை நாள் தவணையைத் தானாக நீட்டலாம். காலேஜ் வாரியாகத் தேதி பிரிக்கலாம். பாரத்தைத் தமிழில் போடலாம்.

அடுத்த திட்டத்தில் கையெழுத்துப் போடுமுன் அந்த அதிகாரிகள் சிதம்பரத்தில் பஸ் ஏறிப் புவனகிரி வழியாகச் சேத்தியாத்தோப்பில் இறங்கட்டும். மலிவான செல்போன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, யார் ஒத்தாசையுமின்றி, கடைசி நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தப் பாரத்தைத் தாங்களே பூர்த்தி செய்து பார்க்கட்டும்.