தாய்க்கு மருந்து, மகனுக்குப் பொறுப்பு

ஊரில் தனியாக இருந்த தாயைப் பெங்களூருக்கு அழைத்துவந்து, ஸ்ரீராமபுரத்திலோ அல்சூரிலோ ஒற்றை அறை வீட்டில் வைத்துக் காப்பாற்றும் தமிழ்க் குடும்பங்கள் பல. அந்தத் தாய்க்கு அல்ஷைமர் என்னும் மறதி நோய் கண்டுவிட்டால் வீட்டார் படும் பாடு சொல்லி மாளாது. இரவெல்லாம் உறங்காமல் நடப்பார், கூச்சலிடுவார், குளிப்பாட்ட வரும் மருமகளை அடிப்பார். மறதியைவிட இந்தக் கொந்தளிப்பே குடும்பத்தை அதிகம் வாட்டுகிறது.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 100-க்கு 7.4 பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது.

கொந்தளிப்பை அடக்க வெகுகாலமாகத் தரப்படுபவை மனநோய்க்கான மாத்திரைகளே. அமெரிக்காவில் 421 நோயாளிகளிடம் இத்தகைய மூன்று மருந்துகள் சோதிக்கப்பட்டு, 2006-ல் முடிவு வெளியாயிற்று. சிலருக்குக் குணம் தெரிந்தது. ஆனால் பக்க விளைவுகள் அந்தப் பயனை விழுங்கிவிட்டன. அதற்கு முந்தைய ஆண்டே அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 17 சோதனைகளை ஆராய்ந்து எச்சரிக்கை விடுத்தது. ஒப்பிடுவதற்காகப் போலி மாத்திரை தரப்பட்டோரில் 100-க்கு 2.6 பேர் இறந்திருந்தனர். மருந்து உண்டோரில் 4.5 பேர்.

2023 மே மாதம் அதே நிர்வாகம், அல்ஷைமர் நோயாளிகளின் கொந்தளிப்புக்கென்றே முதன்முதலாக ஒரு மருந்தை அனுமதித்தது. அதன் பெயர் பிரெக்ஸ்பிப்ரசோல். 12 வாரச் சோதனைகளில் அது பலன் காட்டியது உண்மை. எனினும் போலி மாத்திரை உண்டவர்களும் கணிசமாக அமைதியடைந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. மரண எச்சரிக்கை இம்மருந்துக்கும் உண்டு.

நார்வேயில் 352 முதியோரிடம் நடந்த வேறொரு சோதனையின் முடிவு 2011-ல் வெளியாயிற்று. அங்கே ஒரு பகுதியினருக்குத் தரப்பட்டது வலி மருந்து. பெரும்பாலோருக்குச் சாதாரண பாரசிட்டமால்தான். எட்டு வாரங்களில் அவர்களது கொந்தளிப்பு 17 சதவீதம் குறைந்தது. வாய்விட்டுச் சொல்லத் தெரியாத வலியே பலரிடம் கூச்சலாக வெளிப்பட்டிருக்கிறது.

ஆகவே பல்வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று ஆகியவை உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். தமிழ் மட்டுமே அறிந்த மூதாட்டிக்குப் புதிய இடமும், கன்னடத்தில் பேசும் நர்சும் மிரட்சி தரலாம். ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸில் முதியோர் மனநலப் பிரிவு உண்டு. ஏற்கெனவே உண்ணும் மாத்திரையை டாக்டரைக் கேளாமல் நிறுத்துவதும் ஆபத்து.

புதிய மருந்துச் சோதனைக்குச் சம்மதம் கேட்டால்? நோயாளியால் முடிவெடுக்க இயலாதபோது, சட்டப்படி உரியவர் கையெழுத்திட வேண்டும். பெரும்பாலும் அது மகனோ மகளோதான். 2019-ம் ஆண்டு விதிகளின்படி நெறிமுறைக் குழுவின் அனுமதியின்றிச் சோதனை கூடாது. சோதனையால் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் நஷ்ட ஈடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம்; அதனால் வழக்கமான வைத்தியம் நிற்கக் கூடாது.

இங்கே மருந்தை உண்பவர் ஒருவர், ஒப்புபவர் வேறொருவர். எனவே படிவத்தைத் தமிழில் விளக்கச் சொல்லி, எவ்வளவு பலன், எவ்வளவு ஆபத்து என்று கேட்டறிந்து, பிரதியைக் கையில் வாங்கிக்கொள்வதே முறை. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. தாய்க்காகக் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்?